'லைன்' என்னும் சொல்: அகராதிப் பொருளும் ஊர்வழக்கும்

முன்னுரை

சொல்லுக்குப் பொருள் உண்டு என்பது இலக்கணம். அப்பொருள் அகராதியில் இருக்கிறதா, அச்சொல்லை வழங்கும் மக்களின் நாவில் இருக்கிறதா என்பது மொழி பயிலும் மாணவர் பலருக்கும் எழுகின்ற ஐயம். இவ்வையத்தை நூல்களில் தேடுமுன் ஒரு நிகழ்ச்சி எம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பட்டுக்கோட்டை வட்டாரத்து வகுப்பறை ஒன்றில் செய்யுட் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் ஒரு மாணவியை நோக்கி, "அடுத்த லைனை நீ படி அம்மா" என்றார். பின்வரிசையில் அடக்கிய சிரிப்பு எழுந்தது. எழுந்து நின்ற மாணவி படிக்கவில்லை. தலை கவிழ்ந்து நின்றுவிட்டாள். வகுப்பு முடிந்தபின் அம்மாணவி ஆசிரியரறைக்கு வந்து, "ஐயா, அகராதியில் அந்தச் சொல்லுக்குத் தவறான பொருள் ஒன்றும் இல்லையே! பிறகு ஏன் சிரித்தார்கள்?" என்று கேட்டாள்.

அவ்வினாவுக்கு அன்று உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. அதற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. 'லைன்' என்னும் எளிய ஆங்கிலச் சொல் அகராதியில் பெறும் பொருள் யாது, நம் பகுதியில் அது பெற்றுள்ள பொருள்கள் யாவை, அவற்றுள் ஒன்று மட்டும் ஏன் ஒரு பெண்ணைத் தலைகுனிய வைத்தது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

அகராதி காட்டும் பொருள்

ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியாகும். அம்மொழியில் 'லீனும்' என்பது ஆளிச் செடியைக் குறிக்கும். அச்செடியின் நாரால் திரித்த நூல் 'லீனியா' எனப்பட்டது. ஆளி நாரால் நெய்த துணிக்கு 'லினன்' என்று பெயர் வந்ததும் இவ்வழியிலேயே. ஆகவே 'லைன்' என்பதன் அடிப்படைப் பொருள் கோடு அன்று, நூல். இழுத்துப் பிடித்த நூல் நேராக நிற்கும். அந்த நேர்மையிலிருந்தே கோடு, வரி, வரிசை, எல்லை, வழி எனப் பிற பொருள்கள் கிளைத்தன.

இங்கே தமிழ் மாணவர் ஒரு கணம் நின்று எண்ண வேண்டும். நம் மொழியிலும் நூல் என்பது பஞ்சால் திரித்த இழையையும் குறிக்கும். கற்கும் ஏட்டையும் குறிக்கும். இவ்விரண்டையும் நன்னூலின் பாயிரம் இணைத்துக் காட்டுகின்றது. தச்சன் பிடிக்கும் நூல் மரத்தின் வளைவைக் காட்டி அதனைத் திருத்த உதவுகின்றது. அதுபோலக் கற்கும் நூல் மாந்தர் உள்ளத்தின் வளைவைத் திருத்துகின்றது என்பது அதன் கருத்து. இன்றும் நம் ஊரில் வீடு கட்டும் கொத்தனார் சுவர் எழுப்புமுன் இருபுறமும் ஆணி அறைந்து நூல் பிடிக்கிறார். எங்கோ தோன்றிய இலத்தீன் சொல்லும் நம் கொத்தனாரின் சொல்லும் ஒரே செயலிலிருந்து பிறந்திருப்பது வியப்புக்குரியது.

இதற்கு மறுதலையாக, நாம் 'லைன்' என்பதற்கு நேராக வைக்கும் 'கோடு' என்னும் தமிழ்ச் சொல்லின் பழம்பொருளோ வளைவு. யானையின் தந்தமும் விலங்கின் கொம்பும் வளைந்திருத்தலால் கோடு எனப்பட்டன. கோடுதல் என்றால் வளைதல், நடுவுநிலை பிறழ்தல். திருக்குறளில் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வரும் 'கோடாமை' என்னும் சொல், ஒரு பக்கம் சாயாமையைக் குறிக்கிறது. வளைவைக் குறித்த சொல்லே பின்னாளில் நேர்கோட்டையும் குறிக்கலாயிற்று. சொல் ஒன்று தன் பிறப்புப் பொருளிலேயே என்றும் நிற்பதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஒரு சொல்லுக்குப் பல தமிழ்

தேர்வுத் தாள்களில் மாணவர் பெரிதும் இடறும் இடம் ஒன்று உண்டு. 'லைன்' எனக் கண்டவுடன் 'கோடு' என்றோ 'வரிசை' என்றோ பெயர்த்துவிடுகின்றனர். தூண்டிலில் கட்டும் 'லைன்' கோடு அன்று. அதிராம்பட்டினத்துக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் அதனை 'நரம்பு' என்பர். துணி உலர்த்தும் 'லைன்' நம் வீடுகளில் 'கொடி'. தலைமுறை தலைமுறையாக வரும் குடும்ப 'லைன்' 'கொடிவழி'. செய்யுளில் வரும் 'லைன்' 'அடி'. உரைநடையில் வருவது 'வரி'. நாற்றங்கால் பறித்து வயலில் கயிறு பிடித்து நடுவது 'வரிசை நடவு'. பணியை முடித்தாக வேண்டிய இறுதி நாளைக் குறிக்கும் 'டெட்லைன்' நம்மிடம் 'கெடு' என்னும் ஈரெழுத்துச் சொல்லாக உள்ளது. இந்த 'டெட்லைன்' 1864-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் உண்மையாகவே கிழிக்கப்பட்ட எல்லையாக இருந்தது. அதனைத் தாண்டிய கைதி சுடப்பட்டான். இன்று அச்சொல் கட்டுரை ஒப்படைக்கும் நாளைக் குறிக்கிறது.

தொழுகைக்கு நிற்கும் வரிசையை நம் பகுதி இசுலாமியப் பெருமக்கள் 'சஃப்பு' என்பர். அரபியில் 'ஸஃப்' என்றால் அணிவரிசை. திருக்குர்ஆனின் 61-ஆம் அத்தியாயம் அப்பெயராலேயே வழங்குகின்றது. தொழுகை தொடங்குமுன் வரிசையை நேராக்கிக்கொள்ளுமாறு இமாம் நினைவூட்டுவார். செல்வரும் ஏழையும் தோளோடு தோள் நிற்பதே அவ்வரிசையின் பொருள். ஆகவே ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நம் ஊரில் நரம்பு, கொடி, அடி, வரி, வரிசை, கெடு, சஃப்பு என ஏழு சொற்கள் நிற்கின்றன. இடமறிந்து ஒன்றைத் தேர்வதே மொழிபெயர்ப்பாளனின் திறம்.

வட்டாரத்தில் வேரூன்றிய 'லைன்'

இத்துணைச் சொற்கள் இருந்தும் 'லைன்' நம் பேச்சில் ஏன் நுழைந்தது? பெரும்பாலும் புதிய பொருளோடு சேர்ந்து வந்ததனால் என்று கூறலாம்.

முதலில் வந்தது இருப்புப்பாதை. தஞ்சை ஜில்லா போர்டின் இருப்புப்பாதை 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரையிலும், பின்னர்ப் பட்டுக்கோட்டை வழியாக 1903-இல் அறந்தாங்கி வரையிலும் போடப்பட்டது. அன்றுமுதல் தண்டவாளம் நம் மக்களுக்கு 'லைன்' ஆயிற்று. 'லைனைத் தாண்டிப் போ', 'லைன் ஓரமாக வீடு' என்பன முகவரிகள் ஆயின. குறுகிய பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டபோது பல ஆண்டுகள் வண்டி ஓடவில்லை. 2019-இல் திருவாரூர்-காரைக்குடி வழியில் மீண்டும் வண்டி வந்தபோது, வண்டியில்லாத அத்தனை ஆண்டுகளும் 'லைன்' என்னும் சொல் மட்டும் இடம்பெயராமல் இருந்ததை உணர்ந்தோம். கும்பகோணம், தஞ்சை வழியாகத் திருச்சி செல்வதை 'மெயின் லைன்' என்றும், விருத்தாசலம் வழியாகச் செல்வதைக் 'கார்டு லைன்' என்றும் சொல்கிறோம். இதனை வண்டியின் கடைசிப் பெட்டியில் வரும் 'கார்டு' என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது வடிவகணிதத்தில் வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் 'நாண்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல். வில்லின் நாண் போலக் குறுக்கே செல்வதால் அப்பெயர்.

அடுத்து வந்தது மின்சாரம். மின்கம்பி 'லைன்' ஆயிற்று. அதனைப் பழுது பார்ப்பவர் 'லைன்மேன்' ஆனார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அந்நாள்களில் ஊரெங்கும் கேட்ட ஒரே வினா, "உங்கள் தெருவுக்கு லைன் வந்துவிட்டதா?" என்பதுதான். அவ்வினாவில் 'லைன்' என்றால் வெளிச்சம், குடிநீர், உயிர் மீண்டது என்னும் நம்பிக்கை.

தொலைபேசியும் 'லைன்' ஆயிற்று. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சபர் சென்றவர்களின் இல்லங்களில் வெள்ளிக்கிழமைதோறும் அழைப்புக்காகக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. 'லைன் கிடைத்தது' என்றால் கணவன் குரல் கேட்டது என்று பொருள். 'லைன் கட்டாகிவிட்டது' என்றால் சொல்ல நினைத்தது பாதியில் நின்றது என்று பொருள். இவ்வுணர்வை எந்த அகராதியும் பதிவு செய்ய இயலாது.

கடல் கடந்த 'லயம்'

நம் மாவட்டத்தாரும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பகுதியினரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். 1867-இல் தேயிலைப் பயிர் தொடங்கியபின் அத்தோட்டங்களுக்கும் சென்றனர். அங்கே அவர்கள் குடியிருக்க ஒரே கூரையின்கீழ் வரிசையாகச் சிற்றறைகள் கட்டப்பட்டன. ஆங்கிலத் துரைமார் அவற்றை 'லைன்' என்றனர். தொழிலாளர் நாவில் அது 'லயன்' என்றும் 'லயம்' என்றும் மருவியது. அறைக்கு அவர்கள் வழங்கிய 'காம்பரா' என்பதோ போர்த்துக்கீசியச் சொல்.

இசை பயின்றவர்க்கு லயம் என்றால் தாள ஒழுங்கு; மனம் ஒன்றுதல். மலையகத் தமிழர்க்கோ லயம் என்றால் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்த ஓர் அறை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவர் ஆக்கியது. 1964-இன் சிறிமா-சாத்திரி ஒப்பந்தம் பல இலட்சம் பேரைத் தமிழகம் நோக்கி அனுப்ப வழிவகுத்தது. ஒலியால் ஒன்றான இரு சொற்கள் வாழ்க்கையால் எத்துணைத் தொலைவில் நிற்கின்றன! இதனை அறியாதவர் 'லயத்தில் பிறந்தேன்' என்று ஒரு முதியவர் சொல்லக் கேட்டால் இசைக்குடும்பத்தார் என்று கருதிவிடக்கூடும்.

கொச்சை வழக்கும் குழூஉக்குறியும்

இனி அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். இளைஞர் பேச்சில் 'லைன் அடித்தல்', 'லைன் போடுதல்', 'லைன் கொடுத்தல்' என வழங்குவன கொச்சை என்று தள்ளப்படுகின்றன. ஆயினும் ஆராய்ச்சிக்குக் கொச்சை என்று விலக்கத்தக்கது ஒன்றும் இல்லை. ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வேறு பொருளில் வழங்கும் சொல்லை நம் இலக்கணத்தார் குழூஉக்குறி என்றனர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் வழங்கியதை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். ஆங்கிலத்திலும் பிரான்சிஸ் குரோஸ் 1785-லும் எரிக் பார்ட்ரிட்ஜ் 1937-லும் கொச்சை வழக்குகளைத் திரட்டி அகராதி செய்தனர். தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாய் இருந்த பர்னல், யூல் என்பாருடன் சேர்ந்து உருவாக்கிய 'ஹாப்சன்-ஜாப்சன்' 1886-இல் வெளிவந்தது. நம் கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்தில் ஏறிய வரலாறு அதில் உள்ளது. தமிழில் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி தந்தார். 1992-இல் வெளிவந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' இக்காலத் தமிழையே அடிப்படையாகக் கொண்டது.

'லைன் அடித்தல்' என்பதை முற்றும் அயல்வரவு என்று ஒதுக்கவும் இயலாது. ஒருவர் உள்ளக்கிடக்கையை மெல்லச் சோதித்தலை நாம் 'நூல் விட்டுப் பார்த்தல்' என்கிறோம். நூலும் 'லைனும்' ஒன்றே என மேலே கண்டோம். 'அடி' என்னும் வினையும் நம்முடையதே. 'காப்பி அடித்தல்', 'கட் அடித்தல்' என்பவற்றில் அயற்பெயரோடு இதே வினை சேர்ந்திருக்கக் காண்கிறோம். அவை இரண்டும் வகுப்பறையில் கூடாத செயல்கள் என்பது நோக்கத்தக்கது. ஆகவே பெயர்ச்சொல்லாகிய 'லைன்' குற்றமற்றது. அதனோடு வந்து சேரும் வினையே பொருளை மாற்றுகின்றது.

இவ்வினைகளின் எழுவாயை நோக்கினால் மேலும் ஓர் உண்மை புலப்படும். 'லைன் அடித்தான்' என்னும்போது செய்பவன் ஆண். ஆனால் 'லைன் கொடுத்தாள்' என்னும்போது எழுவாயாக நிறுத்தப்படுபவள் பெண். அவள் செய்தது யாது? பேருந்தில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் சிரித்திருப்பாள். குறிப்பேடு கேட்டவனுக்கு விடை சொல்லியிருப்பாள். வெறுமனே திரும்பிப் பார்த்திருப்பாள். கண்டவன் அதனைக் 'கொடுத்தாள்' என்னும் வினைமுற்றில் அடைத்துவிடுகிறான். அவள் செய்யாத செயலுக்கு அவளையே எழுவாய் ஆக்குகிறது அவ்வாக்கியம். அது தெருமுனையில் தொடங்கி, தேநீர்க் கடையில் வளர்ந்து, வீட்டு வாசலை எட்டும்போது, 'படித்தது போதும்' என்று முடிகிறது. அவ்வாறு பாதியில் நின்ற படிப்புகளை எம் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறோம். சொன்னவனுக்கு அது விளையாட்டு. கேட்ட தந்தைக்கு மானம். அவளுக்கோ வாழ்வு.

சொல்லின் மென்மை செயலின் கொடுமையை மறைப்பதற்குச் சட்டத்திலும் சான்று உண்டு. 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய தொல்லையால் உயிரிழந்தபின் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன் தொடக்கப் பெயரில் 'ஈவ் டீசிங்' என்னும் தொடர் இருந்தது. டீசிங் என்றால் சீண்டல், கேலி. ஓர் உயிரைப் பறித்த செயலுக்குக் கேலி என்று பெயர் பொருந்துமா? பின்னர் அச்சட்டத்தின் பெயரே, பெண்ணுக்கு இழைக்கும் துன்பத்தைத் தடுப்பது என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. செயலுக்கு அதன் உண்மைப் பெயரைக் கொடுப்பதும் நீதியின் ஒரு பகுதியே.

வகுப்பறையில் ஒரு பயிற்சி

அவ்வாசிரியர் மறுவாரம் என் செய்தார் என்பதைக் கூறுதல் வேண்டும். செய்யுளுக்கு உரிய சொல் 'அடி' ஆதலால், இனி 'அடுத்த அடி' என்றே சொல்லிவிடலாம் என அவர் எண்ணினார். அம்மாணவியோ, "நீங்கள் சொல்லை மாற்றினால் அவர்கள் சிரிப்பை அடுத்த சொல்லுக்கு மாற்றிவிடுவார்கள் ஐயா" என்றாள். அவள் சொன்னதே சரி.

ஆதலின் ஆசிரியர் கரும்பலகையில் 'லைன்' என்று எழுதி, அறிந்த தொடர்களையெல்லாம் அமைக்குமாறு மாணவரைக் கேட்டார். மின்சாரமும் தொலைபேசியும் தண்டவாளமும் வந்தன. இறுதியில், சிரித்தவர்களுள் ஒருவனை எழுப்பி, அவர்கள் வழங்கும் தொடரையும் எழுதச் சொன்னார். அவன் தயங்கித் தயங்கி 'லைன் கொடுத்தாள்' என்று எழுதினான். ஆசிரியர் சினக்கவில்லை. இலக்கண வகுப்பில் கேட்பதுபோல, "கொடுத்தாள் என்பது வினைமுற்று. அவள் கையிலிருந்து உன் கைக்கு வந்த பொருள் யாது?" என்று கேட்டார்.

வகுப்பு அமைதியாயிற்று. சற்று நேரம் கழித்து அவன், "அவர்கள் ஒன்றும் கொடுக்கவில்லை ஐயா" என்றான். 'அவள்' என்று எழுதிய கை. 'அவர்கள்' என்று சொன்ன வாய். அந்த மரியாதைப் பன்மையை அன்று யாரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. பின்னர் ஆசிரியர் அம்மாணவியிடம் அதே செய்யுளைக் காட்டி, "அடுத்த லைனைப் படி அம்மா" என்றார். அவள் படித்தாள். எவரும் சிரிக்கவில்லை.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். 'லைன்' என்பதன் அடிப்படைப் பொருள் நூல். அதுவே தமிழ் நூலோடும் ஒத்துச் செல்கின்றது. இருப்புப்பாதை, மின்சாரம், தொலைபேசி, மலையக வாழ்வு ஆகியன அச்சொல்லுக்கு நம் மண்ணில் புதுப்பொருள்களை ஈந்துள்ளன; அவை வரவேற்கத்தக்கன. கொச்சைப் பொருளையும் மாணவர் அறிந்துகொள்ளல் வேண்டும். அறிந்தால்தான் அதில் யார் எழுவாயாக நிறுத்தப்படுகிறார், எந்தப் பழி யார்மேல் ஏற்றப்படுகிறது என்பது விளங்கும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, ஒரு சொல்லுக்குப் பொருள் காண அகராதியைத் திறவுங்கள். அதனோடு நில்லாது, சொல்பவர் யார், யாரைப் பற்றி, எவ்வினையோடு சேர்த்துச் சொல்கிறார் என்னும் மூன்றையும் வினவுங்கள். பெரியோர்களே, உங்கள் பெண்மக்களைப் பற்றி இத்தகைய சொல் ஒன்று வாசல் வந்து சேருமாயின், பள்ளிப்பையை வாங்கி வைக்குமுன் அவ்வாசிரியர் கேட்ட வினாவை நீங்களும் கேளுங்கள். தச்சன் நூல் பிடிப்பது மரத்தை வெட்டி எறிவதற்கன்று. வளைவு எங்கே இருக்கிறது என்று காண்பதற்கே.